வினைச்சொல் வருகிற வரைக்கும்

“வாய்க்காலை அடைத்தவர்களிடம் நேரில் போய், கையைப் பிடித்துக் கேட்டு, ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிவைத்துப் பேசி, தண்ணீரை வாங்கி வயலுக்கு விடுகிற அளவுக்கு நாங்கள் இன்னும் இறங்கிப் போகவில்லை.”

பதினொரு வருடங்களுக்கு முன்னால் ஒரு பாசனக் கருத்தரங்கில் டெல்டாப் பக்கத்து விவசாயி ஒருவர் சொன்ன வாக்கியம் இது. நான் அரங்கின் பின்பக்கம், கண்ணாடித் தடுப்புக்குள், காதில் ஹெட்போனும் எதிரில் மைக்குமாக உட்கார்ந்து, அவர் பேசப் பேச ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். உடனடி மொழிபெயர்ப்பில் காதுக்கும் வாய்க்கும் நடுவில் சில வினாடிதான் இடைவெளி. அதற்கு மேல் காத்திருந்தால் அடுத்த வாக்கியம் வந்து மேலே விழுந்துவிடும். அதனால் நானும் ஊகித்தேன். போனார்கள், கையைப் பிடித்துக் கேட்டார்கள், பெரியவர்களைக் கூட்டினார்கள், தண்ணீரை வாங்கினார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். முன்வரிசையில் இருந்த வெளிநாட்டுப் பொறியாளர் தலையை ஆட்டியபடி குறிப்பெடுத்தார். பிறகு அந்தப் “போகவில்லை” வந்தது.

மைக்கில் மன்னிப்புக் கேட்டு, இதில் எதுவுமே நடக்கவில்லை என்றேன். பொறியாளர் தன் நோட்டில் நான்கு வரிகளை அடித்தார். மேடையில் இருந்த பெரியவர் எதற்காக இந்தச் சலசலப்பு என்று கண்ணாடித் தடுப்பை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவர் பேச்சில் ஒரு பிழையும் இல்லை. அவ்வளவு கண்ணியமான வாக்கியத்தை நான் அதற்குப் பிறகு அதிகம் கேட்டதில்லை. அடுக்கடுக்காகக் கட்டி, எல்லாவற்றையும் ஒரே சொல்லால் மறுத்துவிட்டு நிமிர்ந்து நின்றார்.

அன்று இரவு திருச்சிக்குத் திரும்புகிற பஸ்ஸில், நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதினேன். “வினை முதலில் வரட்டும். இல்லை என்பது அதற்கும் முன்னால் வரட்டும்.” நான் உருவாக்கிக்கொண்டிருக்கும் மொழியின் முதல் விதி அது. ‘த’ என்றால் ஆம், ‘மு’ என்றால் இல்லை. இரண்டையும் சேர்த்து மொழிக்குத் ‘தமு’ என்று பெயர் வைத்தேன். இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது.

சொந்தமாக ஒரு மொழி செய்கிறேன் என்று நம் ஊரில் சொன்னால் உடனே கிளிக்கியைப் பற்றிக் கேட்கிறார்கள். 2015இல் வந்த பாகுபலியில் காலகேயர்கள் பேசுகிற மொழி. மதன் கார்க்கி உருவாக்கியது. அதில் ‘மின்’ என்றால் நான், ‘நிம்’ என்றால் நீ. ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றொன்று. நானும் நீயும் எதிரெதிரே நிற்பவர்கள் என்பதை ஒலியிலேயே காட்டுகிற அந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் கேட்பவர்கள் சொற்களோடு நின்றுவிடுகிறார்கள். “தண்ணீருக்கு என்ன சொல்வீர்கள்? அம்மாவுக்கு?” என்பதோடு சரி. சொல் செய்வது சுலபம். ஒரு மழைநாள் மதியத்தில் ஐம்பது சொல் செய்துவிடலாம். அந்த ஐம்பதும் ஒன்றன்பின் ஒன்றாக எப்படி நிற்கவேண்டும் என்று முடிவு செய்யத்தான் எனக்கு வருடக்கணக்கில் ஆனது.

முதல் வாரமே சிக்கிக்கொண்டேன். ‘காச’ என்றால் கடி. ‘புரு’ நாய். ‘எனோ’ மனிதன்.

த காச புரு எனோ.

கடித்தது, நாய், மனிதன். வினை, எழுவாய், செயப்படுபொருள் என்று வரிசை வைத்துக்கொண்டால் நாய் மனிதனைக் கடித்தது. தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் நான் தமிழ் பேசுகிறவள். யாரைப் பற்றிப் பேச்சு என்று தெரிந்துவிட்டால் எழுவாயை விட்டுவிடுவது நமக்கு மூச்சுவிடுவது மாதிரி. “நாய் என்ன செய்தது?” என்று கேட்டால் “மனிதனைக் கடித்தது” என்போம், நாயைத் திரும்பச் சொல்லமாட்டோம். அதே பழக்கத்தில் தமுவில் எழுதினேன்: “த காச எனோ.” எழுதி முடித்துப் பார்த்தால், மனிதன் கடித்தானா, மனிதனைக் கடித்ததா என்று எனக்கே தெரியவில்லை.

தமிழில் இது ஏன் குழம்புவதில்லை என்று அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன். “மனிதனைக் கடித்தது” என்பதில் இரண்டு தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. ‘ஐ’ உருபு ஒன்று. வினையின் ஈற்றில் இருக்கிற ‘து’ இன்னொன்று; கடித்தது அஃறிணை என்று அது சொல்லிவிடுகிறது. ஒரு தாழ்ப்பாள் கழன்றாலும் கதவு நிற்கும். நான் தமுவில் இரண்டையும் கழற்றிவைத்துவிட்டு, கதவு ஏன் ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வினையை முதலில் வைத்தால் வருகிற விளைவுதான் இது. எழுவாயும் செயப்படுபொருளும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காருகின்றன. வினை நடுவில் இருக்கிற ஆங்கிலம் போன்ற மொழிகளில் அது சுவர் மாதிரி நின்று இரண்டையும் பிரிக்கிறது. இந்தப் பக்கம் இருப்பவர் செய்தவர், அந்தப் பக்கம் இருப்பவர் பட்டவர். வினை ஓரத்துக்குப் போய்விட்டால் அந்தச் சுவர் இல்லை. தமிழிலும் இல்லை, நம் வினை மறு ஓரத்தில் இருக்கிறது. அதனால்தான் நம்மிடம் ‘ஐ’ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

வினைமுதல் மொழிகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன என்று தேடிப் படித்தேன். செவ்வியல் அரபியில் ‘அந்தப் புத்தகம்’ எழுவாயாக இருந்தால் ‘உ’ ஒலியில் முடியும், செயப்படுபொருளாக இருந்தால் ‘அ’ ஒலியில் முடியும். கடைசி உயிரொலி ஒன்று மாறினால் போதும். வேல்ஸ் நாட்டு மொழி செய்வது இன்னும் அழகு. அங்கே நாய்க்கு ‘கி’ என்று பெயர். ‘கல்’ என்பதில் வருகிற வல்லொலி. “அந்த மனிதன் ஒரு நாயைப் பார்த்தான்” என்று சொல்லும்போது, “பார்த்தான் அந்த மனிதன் நாய்” என்கிற வரிசையில் கடைசியாக வருகிற அந்தக் ‘கி’யின் ககரம் மெலிந்து, ‘தங்கம்’ என்பதில் வருகிற ககரமாகிவிடுகிறது. உருபு கிடையாது. சொல்லின் முதல் ஒலி இளகினால் அது செயப்படுபொருள்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம்மிடமும் இதன் ஒன்றுவிட்ட உறவு ஒன்று இருக்கிறது. “துணியைத் துவைத்தாள்” என்று எழுதும்போது ‘த்’ மிகுகிறது. “துணி துவைத்தாள்” என்றால் மிகுவதில்லை. இரண்டாம் வேற்றுமை விரியில் வல்லினம் மிகும், தொகையில் மிகாது என்று பள்ளியில் ஒரு வரியாக மனப்பாடம் செய்தோம். மதிப்பெண் குறையாமல் இருப்பதற்கான விதி என்றுதான் நினைத்திருந்தேன். பெயருக்கும் வினைக்கும் உள்ள உறவு உருபோடு முடியாமல், இரண்டு சொல்லும் சந்திக்கிற இடத்தின் ஒலியிலும் கேட்கிறது என்று அன்றுதான் புரிந்தது.

தமுவுக்கு ‘ம்’ என்று ஒரு பின்னொட்டு சேர்த்தேன். எனோம் என்றால் மனிதனை. சில மாதம் ஓடியது. ஒருநாள் பழைய பக்கங்களைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. மனிதர்கள், மாடு, நாய், பெயர் சொல்லி அழைக்கிற பொருட்கள் ஆகியவற்றுக்கெல்லாம் ‘ம்’ போட்டிருந்தேன். தண்ணீர், சோறு, துணி என்று வந்த இடங்களில் போடவே இல்லை. அப்படி ஒரு விதியை நான் எழுதிவைக்கவில்லை. தண்ணீர் குடித்தேன், சோறு பொங்கினேன், துணி துவைத்தேன் என்று நாக்கு தானாகவே உருபைத் தொக்கவைத்திருக்கிறது. பூனை பார்த்தேன் என்று சொல்ல நமக்கு வாய் வராது. பூனையைப் பார்த்தேன் என்றுதான் வரும். ஆனால் படம் பார்த்தேன் என்போம். உயிருள்ளது, குறிப்பான ஒன்று என்றால் ‘ஐ’ வேண்டும். பொதுவான பொருள் என்றால் விட்டுவிடலாம். தமிழின் இந்த நுணுக்கம் எனக்குத் தெரியாமலேயே தமுவுக்குள் குடியேறி இருந்தது.

புதிய மொழி செய்கிறவர்கள் எல்லோருக்கும் வருகிற வழுக்கல் இது. சொல்லை மட்டும் மாற்றிவிட்டுத் தாய்மொழியையே முகமூடி போட்டு நடமாடவிடுவது. நான் இதை அப்படியே விடவில்லை. தெரிந்து வைத்துக்கொள்கிற தமிழ் வேறு, தெரியாமல் ஒட்டிக்கொள்கிற தமிழ் வேறு. ‘நாம்’, ‘நாங்கள்’ என்கிற பிரிவைத் தெரிந்தே தமுவுக்குள் கொண்டுவந்தேன். அந்தப் பெரியவர் “நாங்கள்” என்றபோது அரங்கில் இருந்த பொறியாளரை அதற்கு வெளியே நிறுத்தினார். ஆங்கிலத்தில் அது பொதுவான ஒரே சொல்லாகிவிட்டது. பொறியாளர் தன்னையும் அதற்குள் சேர்த்துக்கொண்டிருக்கலாம். மலாய்க்காரர்கள் ‘கித்தா’, ‘காமி’ என்று இதைப் பிரிக்கிறார்கள். பிலிப்பைன்ஸில் பேசப்படும் தகலோக், வினையை முதலில் வைக்கிற மொழி, ‘தாயோ’, ‘காமி’ என்று பிரிக்கிறது. இந்தப் பிரிவு இல்லாத மொழியை நான் செய்யவே மாட்டேன்.

பின்னொட்டுக்குத் திரும்புகிறேன். ‘ம்’மை எல்லாப் பெயருக்கும் கட்டாயமாக்கினேன். எஸ்பெராண்டோ என்கிற பொது மொழியை உருவாக்கிய சாமென்ஹாஃப் செய்ததும் அதுதான். இன்றைய போலந்தில் இருக்கும் பியாவிஸ்டோக்கில் பிறந்த கண் மருத்துவர் அவர். ரஷ்யன், போலிஷ், ஜெர்மன், யித்திஷ் பேசுகிற மக்கள் தனித்தனியாக வாழ்ந்த ஊர் அது. 1887இல் எஸ்பெராண்டோவை வெளியிட்டபோது, செயப்படுபொருளுக்கு ‘ன்’ என்கிற ஈற்றைக் கட்டாயமாக வைத்தார். “லா ஹுண்டோ மோர்டாஸ் லா வீரோன்” என்றாலும் “லா வீரோன் மோர்டாஸ் லா ஹுண்டோ” என்றாலும் நாய்தான் மனிதனைக் கடிக்கிறது. செயப்படுபொருளோடு வருகிற பெயரடைக்கும் அதே ‘ன்’ ஒட்டவேண்டும். இது அனாவசியச் சுமை என்று சிலர் நினைத்தார்கள். 1907இல் இடோ என்கிற சீர்திருத்த மொழி வந்தபோது, செயப்படுபொருள் எழுவாய்க்கு முன்னால் வருகிற இடத்தில் மட்டும் ‘ன்’ போதும் என்று வைத்தார்கள். எங்கே குழப்பம் வருமோ அங்கே மட்டும் உருபு. எனக்கு இதில் சாமென்ஹாஃப் பக்கம்தான் மனம் சாய்கிறது. தாய்மொழியில் சொற்களை இடம் மாற்றிப் பேசுகிறவர் எஸ்பெராண்டோவிலும் அப்படியே பேச அந்த ‘ன்’ இடம் தருகிறது. தமிழர் ஒருவர் வினையைக் கடைசியில் வைத்து எஸ்பெராண்டோ பேசினால் யாரும் திருத்தமாட்டார்கள்.

இப்படிச் சொற்களை இடம் மாற்றுவதற்கு நம்மிடம் இலக்கணமே இருக்கிறது என்பதை மொழி செய்யப் புகுந்த பிறகுதான் மறுபடி படித்தேன். நன்னூல் ஆற்றுநீர் தொடங்கி அடிமறிமாற்று வரைக்கும் எட்டுப் பொருள்கோள் சொல்கிறது. தொல்காப்பியம் நான்கு சொல்கிறது. செய்யுளில் சொற்கள் நிற்கிற வரிசை ஒன்று, பொருள் கொள்கிற வரிசை வேறொன்று என்பதை வகைப்படுத்தியிருக்கிறார்கள். அந்த வகைகளில் ஒன்றான மொழிமாற்றுக்கு எல்லோரும் காட்டுகிற பழைய பாட்டு இருக்கிறதே, “சுரையாழ அம்மி மிதப்ப” என்று தொடங்கும். இருக்கிறபடி படித்தால் சுரைக்காய் மூழ்குகிறது, அம்மி மிதக்கிறது, யானைக்கு நீந்துகிற ஆழம், முயலுக்கு நிற்கிற ஆழம். சொற்களை மாற்றிக் கூட்டினால்தான் பாட்டில் வருகிற சுனை ஒழுங்காகிறது. உருபு கட்டுப்படுத்துகிற எல்லையையும் தாண்டிப் போகிற சுதந்திரம் இது. வாசகனுடைய உலக அறிவை நம்பி எடுத்துக்கொள்வது. அம்மி மிதக்காது என்று தெரிந்தவனுக்குத்தான் அந்தப் பாட்டு. என் தமுவுக்கு அந்தத் துணிச்சல் இன்னும் வரவில்லை.

கட்டாய உருபு வைத்த பிறகும் தமு ஓடவில்லை. ஏதோ ஒன்று முரண்டு பிடித்தது. வினை முதலில் இருக்கிறது. ஆனால் ‘ம்’ பெயருக்குப் பின்னால். ‘மேல்’, ‘கீழ்’, ‘இருந்து’ எல்லாம் தமிழ் மாதிரியே பெயருக்குப் பின்னால். வாக்கியம் வாசலில் முன்னோக்கிக் கிளம்பி, ஒவ்வொரு பெயரிடமும் நின்று பின்னோக்கி நடந்தது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் தாளமே சேரவில்லை.

காரணத்தை எனக்குக் காட்டியது மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க். 1963இல் முப்பது மொழிகளை வைத்து 45 பொதுமைகளை எழுதியவர். அதில் மூன்றாவது: வினை, எழுவாய், செயப்படுபொருள் என்கிற வரிசையை முதன்மையாகக் கொண்ட மொழிகள் எப்போதும் பெயருக்கு முன்னால் வருகிற இடைச்சொற்களையே கொண்டிருக்கும். நான்காவது நம்மைப் பற்றியது: வினையைக் கடைசியில் வைக்கிற மொழிகளில் மிகப் பெரும்பாலானவை பெயருக்குப் பின்னால் இடைச்சொல் வைப்பவை. படித்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ என் நோட்டைப் பார்த்துக்கொண்டே எழுதியது மாதிரி இருந்தது.

இதை விதியாக மனப்பாடம் செய்வதைவிட ஒரு தமிழ் வாக்கியத்தை எடுத்துப் பார்த்தால் உடம்பிலேயே புரியும். “மரத்தின் மேல் இருக்கிற குருவியைப் பார்த்தேன்.” இப்போது கடைசிச் சொல்லில் ஆரம்பித்து முன்னால் போங்கள். பார்த்தேன், குருவியை, இருக்கிற, மேல், மரத்தின். இதே வரிசையில் ஆங்கிலச் சொற்களைப் போட்டால் கிட்டத்தட்ட ஆங்கில வாக்கியம் வந்துவிடுகிறது. என் தொழிலில் தினமும் செய்கிற வேலை இதுதான், வாலைப் பிடித்துத் தலைக்குப் போவது. தமிழில் ‘பார்த்தேன்’ தன் பொருளுக்குப் பின்னால் நிற்கிறது. அதேபோல் ‘மேல்’ தன் மரத்துக்குப் பின்னால். ‘குருவி’ தன்னை விவரிக்கிற பெயரெச்சத்துக்குப் பின்னால். எது எதைத் தாங்குகிறதோ, அது எல்லா மட்டத்திலும் ஒரே பக்கம் நிற்கிறது. வினையை மட்டும் தனியாகத் தூக்கி முன்னால் வைத்தால், மற்றவை எல்லாம் அதைத் தேடிக்கொண்டு பின்னால் நிற்கின்றன.

அதனால் இரண்டாவது நோட்டை மூடிவிட்டு மூன்றாவதைத் தொடங்கினேன். ஏறக்குறைய நானூறு எடுத்துக்காட்டு வாக்கியங்களைத் திரும்ப எழுதினேன். ‘ம்’ போய், பெயருக்கு முன்னால் ‘ஒ’ வந்தது. த காச புரு ஒ எனோ. இந்தத் தீர்வை நெருங்க உதவியது சோன்யா லாங் 2001இல் வெளியிட்ட டோக்கி போனா. சுமார் 120 சொல்லோடு வாழ்கிற மொழி அது. செயப்படுபொருளுக்கு முன்னால் ‘எ’ என்று ஒரு சிறு சொல்லை வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறது.

‘ஒ’ வந்தபிறகு நான் எதிர்பார்க்காத ஒரு பூட்டும் தானாகத் திறந்தது. பெயரெச்சம். தமிழில் “நாய் கடித்த பையன்” என்கிறோம். “நாய் கடித்த இடம்”, “நாய் கடித்த நேரம்”, “நாய் கடித்த காயம்” என்றும் சொல்கிறோம். ‘கடித்த’ என்கிற ஒரே வடிவம். பையன் கடிபட்டவன், இடம் கடி நடந்த தெரு, நேரம் மாலை ஆறு மணி, காயம் கடியின் விளைவு. எது எதுவென்று இலக்கணம் சொல்வதில்லை, நாம் புரிந்துகொள்கிறோம். உலகத்தில் எத்தனையோ மொழிகள் ‘யாரை’, ‘எங்கே’, ‘எப்போது’ என்று தனித்தனிச் சொல் வைத்து இதைக் கட்டுகின்றன. தமிழ் ஓர் அகரத்தை வைத்து முடித்துவிடுகிறது. தமிழ்ப் பெயரெச்சத்தை மொழிபெயர்க்கிறவள் என்கிற முறையில் எனக்கு அதன்மேல் பயமும் உண்டு, பக்தியும் உண்டு.

தமுவில் விவரணை பெயருக்குப் பின்னால் வரவேண்டும், திசை அப்படி. ‘யா’ என்று ஓர் இணைப்புச் சொல்லை வைத்தேன். எனோ யா காச புரு. நாய் கடித்த மனிதன். எனோ யா காச ஒ புரு. நாயைக் கடித்த மனிதன். ஒற்றை ‘ஒ’வில் இரண்டு கதையும் பிரிந்து போய்விட்டன. இதற்காக நான் எந்த விதியும் எழுதவில்லை. மூன்று வருடம் முன்னால் வேறொரு காரணத்துக்காக வைத்த கல், சரியான இடத்தில் இருந்ததால் இன்னொரு சுவரையும் தாங்கியது. மொழி செய்வதில் எனக்குக் கிடைக்கிற மகிழ்ச்சி பெரும்பாலும் இதுதான்.

மொழியியலாளர் மார்க் ஓக்ரண்ட், ஸ்டார் ட்ரெக் படத்தில் வருகிற வேற்றுக் கிரகத்தவருக்காகக் கிளிங்கான் மொழியைச் செய்தபோது வேண்டுமென்றே எதிர்த்திசையில் போனார். செயப்படுபொருள் முதலில், வினை நடுவில், எழுவாய் கடைசியில். “புக் லெக் யாஷ்” என்றால் அதிகாரி குழந்தையைப் பார்க்கிறார், ‘புக்’தான் குழந்தை. 1,300க்கும் மேற்பட்ட மொழிகளை ஒப்பிட்ட மொழியியலாளர் மாத்யூ டிரையரின் பட்டியலில் இந்த வரிசை கொண்டவை 11தான். வினையைக் கடைசியில் வைக்கிற நம் வகை 560ஐத் தாண்டுகிறது, வினை நடுவில் வருகிற ஆங்கில வகை 480ஐத் தாண்டுகிறது, வினை முதலில் வந்து எழுவாய் தொடர்கிற வகை 95. அந்தப் பதினொன்றில் ஒன்று பிரேசிலில் பேசப்படும் ஹிஷ்கர்யானா. வேற்றுக் கிரகத்தவர் பேச்சு மனிதக் காதுக்கு உறுத்தவேண்டும் என்கிற நோக்கத்துக்கு ஓக்ரண்ட் எடுத்த முடிவு மிகச் சரி. ஆனால் புதிதாக மொழி செய்கிற இளைஞர்கள் பலர் அரிதான வரிசை என்பதற்காகவே அதை எடுத்துக்கொள்வதைப் பார்க்கிறேன். யார் பேசப் போகிறார்கள், எதற்காகப் பேசப் போகிறார்கள் என்கிற கேள்விக்குப் பிறகுதான் வரிசை வரவேண்டும். எனக்குக் கேட்பவர் முக்கியம். கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து கேட்கிறவர்.

அந்தக் கேட்பவருக்காக இன்னொரு சொல்லையும் வாக்கியத்தின் வாசலுக்குக் கொண்டுவந்தேன். “பணத்தைக் கொடுத்துவிட்டார்களாம்.” கொடுத்துவிட்டார்கள் என்று மொழிபெயர்த்து முடிக்கிற நொடியில் அந்த ‘ஆம்’ வந்து ஒட்டிக்கொள்ளும். பேசியவர் பார்க்கவில்லை, கேள்விப்பட்டிருக்கிறார். துருக்கியிலும் இப்படித்தான், ‘கெல்மிஷ்’ என்றால் வந்தானாம். அதுவும் வினையைக் கடைசியில் வைக்கிற மொழி, அதுவும் இந்தச் செய்தியை வாலில் வைத்திருக்கிறது. கொலம்பியா, பிரேசில் எல்லையில் பேசப்படும் தூயுக்காவில் எந்தச் செய்தியையும் எப்படித் தெரிந்தது என்று சொல்லாமல் சொல்லவே முடியாது. கண்டதா, கேட்டதா, தடயம் பார்த்து ஊகித்ததா என்று ஐந்து வகை. நான் மூன்றோடு நிறுத்தினேன். ‘த’ என்றால் நான் அறிந்து உறுதியாகச் சொல்வது. ‘ரெ’ என்றால் கேள்விப்பட்டது. ‘மு’ என்றால் இல்லை. தமுவில் எந்தச் செய்தியும் இந்த மூன்றில் ஒன்றோடுதான் தொடங்கும்.

இதெல்லாம் சரியாக அமைந்த பிறகு, அந்தப் பெரியவரின் வாக்கியத்தைத் தமுவில் எழுத உட்கார்ந்தேன். அதற்காகத்தானே எல்லாம். ‘மு’ என்று தொடங்கி, போ, கையைப் பிடி, கூட்டு, பேசு, வாங்கு, விடு என்று அடுக்கினேன். அந்த ‘மு’ எதுவரைக்கும் செல்லும்? முதல் வினையை மட்டும் மறுக்கிறதா, எல்லாவற்றையுமா? இந்தக் குழப்பம் தமிழிலும் இருக்கிறது. “அவன் சாப்பிட்டுவிட்டு வரவில்லை” என்றால் அவன் வரவே இல்லையா, அல்லது சாப்பிடாமல் வந்தானா? சொல்கிற தொனியில்தான் தெரியும். தமுவில் ‘ந’ என்று ஒரு கண்ணி வைத்தேன். ‘ந’ போட்டு இணைத்த வினை எல்லாம் முதல் ‘மு’வின் குடைக்குள் நிற்கும். குடையை மடக்கவேண்டும் என்றால் புதிதாகத் ‘த’ போட்டுத் தொடங்கவேண்டும்.

வாக்கியம் முடிந்தது. இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. பொறியாளர் நான்கு வரியை அடிக்கத் தேவையில்லை. நான் வாய்விட்டுப் படித்தேன், இரண்டு முறை படித்தேன், மூன்றாம் முறை படிக்கப் பிடிக்கவில்லை. “இல்லை” என்று முதலிலேயே சொல்லிவிட்ட பிறகு வருகிற ஒவ்வொரு வினையும் செத்துப்போய்த்தான் வந்தது. தமிழில் அந்தக் கையைப் பிடிப்பதும், பெரியவர்களைக் கூட்டுவதும் ஒரு கணம் நம் கண்முன் நடக்கின்றன. அந்த அவமானத்தை நாம் பார்க்கிறோம். பார்த்த பிறகுதான் அவர் “போகவில்லை” என்கிறார். எதைச் செய்யாமல் நிற்கிறார் என்பதன் எடை அந்தக் காத்திருப்பில் இருக்கிறது. நான் பதினொரு வருடமாக ஒழிக்கப் பார்த்தது அதைத்தான்.

பேசுகிறவருக்கும் அதில் ஓர் இடம் இருக்கிறது. “அடுத்த வாரம் அந்தப் பணத்தை உங்களுக்கு...” என்று தொடங்குகிறவர் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கிறார். தந்துவிடுகிறேன் என்று முடிக்கலாம், தரப் பார்க்கிறேன் என்று முடிக்கலாம், தரமுடியுமா என்று தெரியவில்லை என்றும் முடிக்கலாம். வாக்கியத்தைத் திறந்துவைத்துக்கொண்டே முடிவெடுக்க நம் மொழி நேரம் தருகிறது. எத்தனையோ பேச்சுவார்த்தை மேசைகளில் இதை நான் பார்த்திருக்கிறேன். கடைசிச் சொல்லுக்கு முன்னால் ஒரு நொடி நிறுத்துவார்கள். அந்த நொடியில் அவர்கள் மனம் மாறுவதும் உண்டு. தமு பேசுகிறவருக்கு அந்த நொடி இல்லை. வாயைத் திறந்ததும் ‘த’வா ‘மு’வா என்று சொல்லிவிட வேண்டும்.

இதற்கு என்ன செய்வது என்று தெரியாமல் நோட்டை இரண்டு மாதம் தொடவில்லை.

என் அண்ணன் மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். எங்கள் வீட்டில் இருந்துதான் பள்ளிக்குப் போகிறாள். சென்ற கோடை விடுமுறையில் தமு கற்றுக்கொண்டாள். இந்த உலகத்தில் தமு தெரிந்த இரண்டாவது ஆள். போன மாதம் ஒருநாள் காலையில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது.

ஒ புரு அயி சென.

‘அயி’ என்றால் நான். ‘சென’ என்றால் வேண்டு. எனக்கு ஒரு நாய் வேண்டும் என்கிறாள். முறைப்படி “த சென அயி ஒ புரு” என்று இருக்கவேண்டும். இவள் நாயை முதலில் வைத்து, வினையைக் கடைசிக்குத் தள்ளி, ‘த’வை விட்டே விட்டிருந்தாள். மாலையில் கேட்டேன்.

“ஏன் இப்படி எழுதினாய்? விதி தெரியும்தானே?”

“தெரியும் அத்தை. ‘வேண்டும்’ என்று முதலிலேயே எழுதினால் நீங்கள் அந்த இடத்திலேயே முடியாது என்று சொல்லிவிடுவீர்கள். அதனால்தான் நாயை முதலில் காட்டினேன்.”

“சரி. ‘த’ எங்கே?”

“அதை நீங்கள்தானே போடவேண்டும்?”

மூன்றாவது நோட்டில் அன்றே எழுதினேன். வேண்டுகோளில் வினை கடைசியில் வரலாம். அப்படி வருகிற வாக்கியத்துக்கு முதல் சொல் கிடையாது. பதில் சொல்கிறவர் அதைச் சேர்ப்பார். ‘ஒ’ இருப்பதால் வரிசை மாறினாலும் யாருக்கு எது வேண்டும் என்பது குழம்பாது என்று அதன் கீழே காரணமும் குறித்துவைத்தேன். அந்தப் பெரியவரின் வாக்கியத்தை இதே வழியில் எழுத முடியுமா, ‘மு’வை வாக்கியத்தின் கடைசிக்குக் கொண்டுபோகிற ஒரு வாசலைத் திறந்துவிடலாமா என்று அடுத்த பக்கத்தில் முயன்றுகொண்டிருக்கிறேன்.

சீட்டு இன்னும் ஃபிரிட்ஜ் கதவில்தான் இருக்கிறது. ‘ஒ’வுக்கு முன்னால் ஒரு எழுத்து எழுதுகிற அளவுக்கு இடம் விட்டு ஒட்டியிருக்கிறாள். வீட்டுச் சொந்தக்காரர் ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து வருகிறார். நாய் வளர்க்கலாமா என்று அவரிடம் கேட்கவேண்டும்.